சந்தகைத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா

ஜப்பானில் சோற்றுக்கு முகம் வைக்கிறார்கள். பாலர் பள்ளிக்குப் பிள்ளைகள் கொண்டுபோகும் மதிய உணவுப் பெட்டிக்கு அங்கே பெந்தோ என்று பெயர். சோற்றை உருண்டை பிடித்து, கறுப்பான கடற்பாசித் தாளைக் கத்தரித்துக் கண்ணும் வாயும் ஒட்டி, மூடியைத் திறந்ததும் ஒரு கரடியோ பூனையோ பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்படி அடுக்கி அனுப்புவார்கள். நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில்தான் நாங்கள் இருக்கிறோம். என் கணவருக்கு அங்கே இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. மகள் தியாவைப் பள்ளியில் விட்ட முதல் நாள் எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்தேன். மாலையில் ஆசிரியை இடுப்புவரை குனிந்து ஏதோ சொன்னார். மஞ்சள் நிறம் அழகாக இருந்தது என்கிறார் என்று நினைத்து நானும் குனிந்து நன்றி சொன்னேன். உடன் நின்ற இன்னொரு பிள்ளையின் தாய் மிசாகி பிறகு விளக்கினாள். தியாவின் சட்டையில் பட்ட மஞ்சள் கறை எவ்வளவு கழுவியும் போகவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

டிசம்பர் வந்ததும் அந்த முகங்களெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தாக்களாக மாறின. அந்த ஊரில் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடையாது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் தேவாலயம் போகிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் கேக் வாங்குகிறார்கள், பொரித்த கோழி வாங்குகிறார்கள், பிள்ளையின் பெட்டிக்குள் பனி மனிதனையும் பச்சை மரத்தையும் வைக்கிறார்கள். நானும் செய்தேன். பச்சை நிறப் பூக்கோசு மாதிரி இருக்கும் பிராக்கோலியை மரமாக நிறுத்தி, கேரட்டை நட்சத்திரமாக வெட்டி உச்சியில் செருகி, படம் எடுத்துக் கோயம்புத்தூரில் இருந்த அக்காவுக்கு அனுப்பினேன்.

அக்கா பெயர் சுமதி. ஆர்.எஸ்.புரத்தில் வீடு. அத்தான் செந்தில் பம்ப்செட் உதிரிபாகங்களுக்கு லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள் மகிழினி, எங்களுக்கு மகி. படத்தைப் பார்த்த உடனே அக்கா கூப்பிட்டாள். “ஏன் அம்மணி, சோத்துக்கு மூஞ்சி வெச்சா அதைப் பிச்சுத் தின்னப் புள்ளைக்கு மனசு வருமா?” என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் அந்த வாரமே அவளிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. கடற்பாசித் தாளுக்கு அவள் எங்கே போவாள்? பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்த சோற்று உருண்டை முகமாக இருந்தது. கண்ணுக்கு மிளகு. மூக்குக்கு ஒரு மாதுளை முத்து. தலையில் சிவப்புக் குடமிளகாய்த் தொப்பி. முகத்தைச் சுற்றி வெள்ளை வெளேரென்று, இழை இழையாக, சந்தகையால் தாடி. கொங்கு நாட்டு வீடுகளில் புழுங்கலரிசியை ஆட்டி வேகவைத்துச் சூட்டோடு பிழிகிற சந்தகை, சாமியார்களுக்கும் தாத்தாக்களுக்கும் இவ்வளவு பொருத்தமான தாடியாகும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நான் ஜப்பானிலிருந்து ஒன்று அனுப்புவேன், அவள் கோவையிலிருந்து ஒன்று அனுப்புவாள்.

போன ஐப்பசி மழையில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள், இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தியாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, சிங்கப்பூர் வழியாகக் கோவை வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவியிருந்தார்கள்.

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் நான் கிளம்பவில்லை. மகிக்காகத்தான். அழுதிருந்தால் தேற்றியிருப்போம். அவள் அழவில்லை. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, பூரி, எதைக் கட்டிக்கொடுத்தாலும் அப்படியே வரும். கேட்டால், “பசிக்கலீங்க சித்தி” என்பாள். ராத்திரி மட்டும் அத்தானின் அக்கா, காங்கேயத்திலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சரசு அண்ணி, ரசச் சோற்றைப் பிசைந்து கதை சொல்லி நாலு வாய் ஊட்டுவார். ஏழு வயதுக் குழந்தையின் கழுத்தெலும்பு சீருடைக்கு மேலே தெரியத் தொடங்கியது.

ஒருநாள் அவளைப் பள்ளியில் விடப் போயிருந்தேன். வாசலில் ஒரு பெண்மணி, மகியின் தோழியின் அம்மாவாம், என்னைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்றார். “மகியோட சித்திங்க” என்றேன். அவர் முகம் மாறிப்போயிற்று. என் கழுத்துத் தாலியைப் பார்த்தார், மகியைப் பார்த்தார், “அதுக்குள்ளயுங்களா?” என்று முணுமுணுத்தார். எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “ஐயோ, இல்லீங்க. நான் அவங்கம்மாவோட தங்கச்சி” என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நடுவில் நின்ற மகி இரண்டையும் கேட்டாள். பிறந்து வளர்ந்த ஊரில், என் சொந்த மொழியில், நான் யார் என்பதை விளக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் இப்படி ஆகும்போது மொழி தெரியாததால் என்று ஆறுதல் சொல்லிக்கொள்வேன். இங்கே அந்த ஆறுதலும் இல்லை.

அந்த வாரம்தான் சரசு அண்ணி பேச்சை எடுத்தார். “நான் எத்தன நாளைக்கு எம்பட ஊட்டைப் போட்டுட்டு இங்க இருக்க முடியுங் கவிதா? நாளைக்கு இவனுக்கு ஒருத்தியைப் பாத்துக் கட்டிவெக்கத்தான் போறோம். வர்றவ எப்படியோ என்னவோ. பேசாம நீ கூட்டிட்டுப் போயிரு அம்மணி. உன் புள்ளையோட புள்ளையா வளந்துபோடட்டும்.” நான் ஏற்கனவே என் கணவரிடம் பேசியிருந்தேன். அவர் சரி என்றிருந்தார். அத்தானிடம் கேட்டபோது அவர் பட்டறை எண்ணெய்க் கறை படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே, “அவ சாப்பிட்டாப் போதும் அம்மணி. எங்க இருந்தா என்ன” என்றார்.

பள்ளியில் விடுமுறைக்கு முந்தின நாள் கிறிஸ்துமஸ் விழா. பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து, வீட்டில் செய்த விழாச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ண வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கே போகமாட்டேன் என்றாள் மகி. போன வருடம் அம்மா வைத்த தாத்தாவைப் பார்க்க வகுப்பே அவள் பெட்டியைச் சுற்றி நின்றதாம். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஒரு வெளிச்சம் வந்தது. இதுதான் எனக்குத் தெரிந்த வேலையாயிற்றே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையாக ஒரு பெட்டி செய்தேன். கடையில் பிராக்கோலி கிடைத்தது. பனி மனிதனுக்கு வெள்ளைச் சோறு, நட்சத்திரத்துக்குக் கேரட், ஓரத்தில் பிளந்த குட்டித் தக்காளி. மிசாகி பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். பெட்டியை மகியின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூடியை எடுத்து, சத்தம் வராமல், தானே மூடினாள்.

“நல்லா இல்லையா கண்ணு?”

“நல்லா இருக்குதுங்க சித்தி. ஆனா இது ஜப்பான்து. அம்மா செய்யறது வேற.”

உன் அம்மா செய்ததெல்லாம் என்னிடம் பார்த்துச் செய்ததுதான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு அசல் என்பது சந்தகைத் தாடிதான். நான் செய்தது எங்கிருந்தோ வந்த, யாரோ ஒருத்தியின் சாப்பாடு. நானே சில வருடங்களாக எந்த ஊரின் கையால் சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். “அப்போ அம்மா செஞ்ச மாதிரியே செய்யலாம். நீ சொல்லிக் குடு” என்றேன். அவள் எழுந்து போகவில்லை.

விழாவுக்கு முந்தின மாலை அரிசியை ஆட்டி வைத்தேன். விடிந்ததும் வேகவைத்தேன். சந்தகை மிஷினை அத்தான் பரணிலிருந்து இறக்கினார். மூன்று காலுள்ள இரும்பு. ஒருவர் மேலே கைப்பிடியைத் திருக, ஒருவர் கீழே கால்கள் நகராமல் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சூடு ஆறினால் மாவு இறங்காது. தனியாளால் ஆகாத வேலை. பண்டிகை நாட்களில் அத்தான் திருகுவார், அக்கா பிடித்துக்கொள்வாள். நான் குந்தி உட்கார்ந்து கால்களைப் பிடித்தேன். அத்தான் வெந்த உருண்டையை உள்ளே போட்டுத் திருகத் தொடங்கினார். வெள்ளை இழைகள் தட்டில் விழுந்தன. இரண்டாவது உருண்டைக்குக் கைப்பிடி இறுகியதும் அவர் பழக்கத்தில், “சுமதி, கெட்டியாப் புடி” என்றுவிட்டார்.

பிறகு அவரால் திருக முடியவில்லை. கைப்பிடியின் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அக்காவை எடுத்துக்கொண்டுபோன அன்றுகூட இந்த வீட்டில் யாரும் அவர் அழுததைப் பார்க்கவில்லை என்றார்கள். சரசு அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். நான் இரும்பை விடாமல் பிடித்திருந்தேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மகி வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சின்னக் கைகளால் ஒரு காலைப் பிடித்தாள். “அப்பா, ஆறுதுங்க. திருகுங்க” என்றாள். அத்தான் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகினார். அப்போதுதான் குழந்தை அழுதாள். இழைகள் விழ விழ, கையை எடுக்காமல், தேம்பித் தேம்பி அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

பெட்டியை அவள்தான் அடுக்கினாள். நான் உருண்டை பிடித்துக் கொடுத்ததோடு சரி. இரண்டு மிளகை எடுத்தேன். “ஒண்ணு போதுங்க சித்தி” என்றாள். இன்னொரு கண்ணுக்கு ஒரு சந்தகை இழையை வளைத்து வைத்தாள். கண்ணடிக்கிற தாத்தா. அக்கா அனுப்பிய படங்களில் இதை நான் கவனித்ததே இல்லை. சாயந்திரம் பெட்டி காலியாக வந்தது. மூலையில் ஒரே ஒரு மிளகு மட்டும் கிடந்தது. தாடியை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாளாம், முகத்தை அவளே தின்றாளாம். சரசு அண்ணி பெட்டியைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

அந்தப் பெட்டியைப் படம் எடுத்து ஜப்பானுக்கு அனுப்பியிருந்தேன். தியா கூப்பிட்டாள். “அம்மா, அது யாருக்கு?”

“மகி அக்காவுக்கு.”

“எனக்கு?”

அன்று அவள் பள்ளியிலும் கிறிஸ்துமஸ் பெந்தோ. அவள் அப்பா கடையில் வாங்கிய ரொட்டியை அடுக்கி அனுப்பியிருக்கிறார். “அம்மா சீக்கிரம் வந்து செஞ்சு தர்றேன்” என்றேன். “கிறிஸ்துமஸ் முடிஞ்சிருமே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள்.

அன்று மாலை மகியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். “சித்தியோட ஜப்பானுக்கு வர்றியா கண்ணு? தியா இருக்கா. பனி பெய்யும்.”

“அங்க சந்தகை இருக்குதுங்களா?”

“இல்ல. நாம மிஷின் கொண்டுபோலாம்.”

யோசித்தாள். “அங்க அம்மாவை யாருக்குத் தெரியுங்க?”

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கு மட்டுந்தானுங்களே. இங்க எங்க மிஸ்ஸுக்குத் தெரியும். வேன்கார அண்ணனுக்குத் தெரியும். பூக்கார அக்கா அம்மா பேரைச் சொல்லித்தானுங்க என்னைக் கூப்பிடுவாங்க.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “நானும் வந்துட்டா மிஷினை அப்பா யாரோட புடிப்பாருங்க?”

வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தான் கேட்டுவிட்டார். உள்ளே வந்து மகியின் தலையில் கைவைத்தார். “இருக்கட்டும் அம்மணி. நாங்க பாத்துக்கறோம்” என்றார். சரசு அண்ணி தை பிறந்த பிறகு ஊருக்குப் போகிறேன் என்றார். அத்தானுக்குப் பெண் பார்க்கும் பேச்சை அதன்பிறகு நான் இருந்தவரை எடுக்கவில்லை. புத்தாண்டுக்கு முன்னால் நான் தனியாகவே கிளம்பினேன். விமான நிலையத்துக்கு மகி வரவில்லை. “வாரேன் கண்ணு” என்றேன். வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, “எப்பங்க?” என்று கேட்டாள்.

ஜனவரியில் தியாவின் பள்ளி திறந்த முதல் நாள், அரைநாள்தான் வகுப்பு. வாசலில் மிசாகி ஒரு பெட்டி நிறைய மிகான் என்ற குட்டி ஆரஞ்சுப் பழங்களோடு நின்றாள். அவள் மாமியார் ஊரிலிருந்து வந்ததாம். பிள்ளைகளுக்கென்று தாய்மார்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றை நீட்டி, “உனக்கு ஒரு குழந்தைதானே?” என்றாள். நான் யோசிக்கவே இல்லை. “ஃபுதாரி” என்றது வாய். இரண்டு பேர்.

மிசாகியின் கண்கள் விரிந்தன. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். “ஒமெதெதோ” என்று வாழ்த்தி, குனிந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அருகில் நின்ற தாய்மாரும் திரும்பிப் பார்த்துக் குனிந்தார்கள். அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு மொழி தெரியும். என் அக்கா இறந்துவிட்டாள், அவள் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்பது அவ்வளவு கடினமான வாக்கியம் அல்ல. நான் சொல்லவில்லை. மிசாகி ஒரு பையை எடுத்து அது நிறையப் பழங்களைப் போட்டு, அம்மா கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று தியாவிடமும் சொல்லிவைத்தாள். காற்று பனியாக வீசிற்று. ஒரு கையில் தியாவைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பையை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி, வீடுவரை மெதுவாக நடந்தேன்.