ஈயம் தைத்த குடை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றையும் பட்டினி போட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், சொல்வதில் இருக்கக் கூடாது என்றுதான் மெல்ல மெல்ல எழுதுகிறேன்.

மூன்றாவது மகன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ரொக்கட் செய்தான். பேப்பரைச் சுருட்டி ஒட்டிய குழாய், முள்முருக்கங்கட்டையில் மூக்கு, அடியில் மீன் செட்டை போல மூன்று மெல்லிய பலகைத் துண்டுகள். விஞ்ஞான வாத்தியார் எங்கிருந்தோ வெடிமருந்து கொண்டுவந்து ஒன்றை வாவிக்கரையில் ஏவினார். தென்னைக்கு மேலே போய், சின்னக் குடையொன்றை விரித்துக்கொண்டு இறங்கியது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அப்படி மூன்றை வீட்டில் வைத்திருந்தான்.

பிறகு ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைக்கும் காலம் வந்தது. பக்கத்து ஊரில் வீடு வீடாகச் சோதனை என்று ஒருநாள் காலையில் சேதி. அவன் ரியூஷனுக்குப் போயிருந்தான். பதினேழு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் ரொக்கட் கிடந்தால் விளையாட்டுச் சாமான் என்று யார் நம்புவார்? மீன் வெட்டும் கத்தியால் செட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு ரொக்கட்டை அடுப்பில் வைத்தேன். மூன்றாவதை வைக்க மனம் வரவில்லை. பழைய வலைக்குள் செட்டைகளோடு சுற்றிப் பரணில் செருகினேன்.

எங்கள் வேலிப் படலையை அன்றைக்கு யாரும் திறக்கவில்லை. ஆனால் அவன் வந்து கேட்டபோது, ஆமி வந்து உடைத்துவிட்டுப் போனது என்றேன். பிள்ளையின் பொருளைத் தாயே உடைத்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் ரொக்கட் செய்யவேயில்லை. அடுத்த வருடம் வெளிநாடு போனான். அங்கே லொறி ஓட்டுகிறான்.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு, தகப்பனுக்காக மாமாங்கத் தீர்த்தத்தில் முழுக வருவதாகச் சொன்னான். பரணிலிருந்து அந்த மூட்டையை இறக்கினேன். குழாயைப் பூச்சி அரித்திருந்தது. கோதுமைமாப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாமல் துருசு கலந்து, புதுப் பேப்பரைச் சுற்றி ஒட்டினேன். செட்டைகளைப் பழைய தழும்பிலேயே பொருத்தினேன். குடை மக்கிப் போயிருந்ததால் என் பழைய சேலையில் ஒன்று வெட்டினேன். நாற்பது வருடம் கிழிந்த வீச்சுவலை பொத்திய கை இது. விளிம்பில் பாரம் இல்லாவிட்டால் வலை விரியாது. அதனால் குடையின் விளிம்பைச் சுற்றி ஈயக்குண்டு வைத்துத் தைத்தேன்.

மகன் வந்து, அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். குடையை இழுத்து விரலால் தடவினான்.

"இந்தப் பாரத்தோட இது எழும்பாதும்மா. இது வலையில்ல, குடை. காத்தே விரிச்சிரும்."

கழற்றித் தைத்துத் தருகிறேன், கொண்டு போ என்றேன்.

"வேணாம்மா. ரொக்கட்டெண்டு பெட்டிக்குள்ள கண்டாங்களெண்டா பிளேன்ல இருந்து என்னையும் இறக்கிருவாங்கள்." சிரித்தான். பிறகு செட்டையைத் தொட்டுச் சொன்னான்: "ஆமி உடைச்சதுக்கு இவ்வளவாவது மிஞ்சிச்சே."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்டேன்.

அவன் போய் இரண்டு மாதம். ரொக்கட் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. ஈயத்தையெல்லாம் கழற்றிவிட்டேன். இனி யாருக்காக? போன் எடுக்கும்போது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அதை உடைக்காதவன் மேல் வைத்த கோபத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டான். அதை எந்தப் பசையால் ஒட்டுவது?

இந்தத் தாளைப் பேத்தி போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்புவாளாம். அவளுக்குத்தான் சொல்கிறேன்: மனே, அனுப்ப முதல் ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. கத்தி எடுத்த இடத்தில மெதுவா வாசி. உடைச்சது நான்தான் எண்டு விளங்குதா எண்டு கேக்கணும்.