ரூக்சார் காட்டிய பிலிம்

மேற்குத் தாம்பரத்தில் ரூக்சார் கேமரா தூக்காத கல்யாண மண்டபம் குறைவு. பெண்கள் பக்கம் வீடியோ எடுக்க ஆண்களை விடாத வீடுகளுக்கெல்லாம் அவள்தான் போவாள். கணவர் அமீருதீன் போர்வெல் மோட்டார் மெக்கானிக். அந்த மோட்டார் நூறடிக்கும் கீழே, தண்ணீருக்குள் கிடப்பது. என்ன கோளாறு என்று அவர் சொன்னால், "நீங்க உள்ள போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. அமீருதீன் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார்.

"அவ்வளவுதானே? அவங்களைப் பார்க்க வச்சிட்டா போச்சு," என்றாள் ரூக்சார்.

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் விரல் பருமனுக்கு ஒரு கேமரா வாங்கினாள். அதைக் குழாய்த் துண்டுக்குள் வைத்து, முன்னால் கண்ணாடி ஒட்டி, சுற்றிலும் குட்டி விளக்குகள் பதித்து, எம்-சீல் போட்டு அடைத்தாள். சோதித்துப் பார்த்ததில் முதல் இரண்டு கேமராக்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குள்ளேயே உயிரை விட்டன. மூன்றாவது பிழைத்தது.

2004 கோடையில் கோவிலம்பாக்கத்தில் பன்னிரண்டு வீட்டு அபார்ட்மென்ட் ஒன்றில் மோட்டார் ஓடியும் மேல்தொட்டியில் தண்ணீர் நூல் மாதிரிதான் விழுந்தது. போர் போடும் சின்னப்பன் வந்து குழாயில் காதை வைத்துக் கேட்டார். "ஊத்து செத்துப்போச்சு சார். புது போர் போட்டாவணும்."

அமீருதீனோ தண்ணீர் இருக்கிறது, உள்ளே குழாய்தான் எங்கோ பிளந்திருக்கிறது என்றார். சங்கச் செயலாளர் சுந்தரராமன், அந்த வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் காலையில் ரூக்சார் கேமராவை உள்ளே இறக்கிப் படம் எடுத்தாள். சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் கல்யாண மேடையின் கறுப்புத் திரையை நாலு பக்கமும் கட்டி, நடுவில் டிவியைத் தரையில் மல்லாத்திப் படுக்கவைத்தாள். சுற்றி நின்று குனிந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது.

"எல்லாரும் செருப்பைக் கழட்டிடுங்க, உள்ள வழுக்கும்," என்றாள், சிரிக்காமல். கழற்றினார்கள்.

படம் ஓடியது. பாறைச் சுவர் வழுக்கிக்கொண்டு மேலே போனது. திரைக்குப் பின்னாலிருந்து ரூக்சார் ஒரு குவளையால் வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினாள். தொண்ணூறடியில் தண்ணீர் வந்ததும் சுந்தரராமன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டார். தரைத்தள பியூலா டீச்சர் கன்னத்தை உப்பி மூச்சடக்கினார்.

நூற்றிருபதடியில் தண்ணீர் சட்டென்று மறைந்தது. ஒரு மாப்பிள்ளை தோன்றி ஜாங்கிரி தின்றார்.

"மோட்டார்ல இது எந்த பார்ட்டும்மா?" என்று கேட்டார் சுந்தரராமன், பயபக்தியுடன்.

பழைய கல்யாண டேப். நடுவில் கொஞ்சம் அழியாமல் கிடந்திருக்கிறது. சின்னப்பன் கை தட்டிச் சிரித்தார்.

"இன்னா மேடம், பிலிம் காட்றியா? எந்தக் கெணத்துல எடுத்துகினு வந்த படமோ!"

கூட்டம் முணுமுணுத்தது. அமீருதீன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும்தான் ரூக்சாருக்குக் காது சூடானது.

"அண்ணா, உங்க விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுங்க," என்றாள்.

லேமினேஷன் செய்த அட்டை. 'சின்னப்பன் போர்வெல்ஸ். எங்கும் தண்ணீர் காண்போம்' என்று போட்டிருந்தது. அதைக் கேமராவுக்கு முன்னால் கம்பியில் கட்டி, எல்லார் கண்ணெதிரிலும் போருக்குள் இறக்கினாள். இந்த முறை டேப் இல்லை, வயர் நேராக டிவிக்கு. சின்னப்பனின் பெயர் மெல்ல மெல்ல இருட்டுக்குள் இறங்கி, தொண்ணூறடியில் தண்ணீருக்குள் முங்கியது. ஓரத்தில் குமிழிகள் ஒட்டின. நூற்றுமுப்பதடியில் குழாயின் இணைப்பு ஒன்று தெரிந்தது.

"மோட்டாரைப் போடுங்க!" என்றாள் ரூக்சார்.

இணைப்பிலிருந்து வண்டல் புகை மாதிரி குபுகுபுவென்று கிளம்பியது. அட்டை அடித்துக்கொண்டு ஆடியது.

"கீழ மோட்டார் நல்லாத்தான் தள்ளுது. இந்த ஓட்டை வழியா திரும்ப கிணத்துக்கே போயிடுது. இத்தனை நாளா அதே தண்ணிதான் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு," என்றார் அமீருதீன்.

"அட, இவ்ளோ தண்ணியை வச்சிக்கிட்டா லாரிக்கு நின்னோம்!" என்று கத்தினார் பியூலா டீச்சர்.

கேமரா மேலே வந்ததும் சின்னப்பன் அட்டையை அவிழ்த்துச் சட்டையில் துடைத்தார். "லேமினேஷன் நல்லா பண்ணிக்கிறான். தண்ணி பூரவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் அமீருதீன் ஒரே ஒரு குழாயை மாற்றினார். மதியத்துக்குள் தொட்டி நிரம்பி மொட்டைமாடியெல்லாம் வழிந்தது. அன்று வீட்டில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு ரூக்சாருக்குக் கல்யாணங்களைவிடக் கிணறுகள்தான் அதிகம். நாவலூரின் புது அடுக்குமாடி ஒன்றில், தண்ணீர் மட்டத்தில் ஒரு தவளை கேமராவுக்கு முகத்தோடு முகம் வைத்து உட்கார்ந்துகொண்டது, நகரவே இல்லை. அதைப் பிடித்து வெளியே விடுவதா, இருக்கட்டும் என்று விடுவதா என்று சங்கத்தார் அங்கேயே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். ரூக்சாரும் தவளை இருக்கட்டும் என்று கை தூக்கினாள். வெளியாள் ஓட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.