முங்கக் கூடாத வாத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு மனிதரைச் சுட்டிருப்பேன். சுடாமல் விட்டதற்குக் காரணம் என் நல்ல குணமல்ல. ஒரு வாத்தின் வால்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் கோர்ட்டு வம்பு எழுதுகிற நாமக்கல் வக்கீலுக்குத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஐப்பசியில் மாற்றலாகிப் போன எஞ்சினீயர் நண்பர் ஒருவர், சாமான் கட்டும்போது தன் இரட்டைக்குழல் துப்பாக்கியையும் ஒரு பைனாகுலரையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். லைசென்ஸும் என் பேருக்கு வந்தது. துப்பாக்கி வந்த பிறகு சும்மா இருக்க முடிகிறதா? எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஏரி. மழையில் நிறைந்து கிடந்தது. குளிர்காலத்துக்கு எங்கிருந்தோ வந்த வாத்துகள் அதில் கொட்டிக் கிடந்தன.

முதல் நாளே ஒன்றை அடித்தேன். கறுப்பாக, கொழுகொழுவென்று இருந்தது. ராஜா மாதிரி வீட்டுக்கு வந்து சமையலறையில் வைத்தேன்.

என் மனைவி நல்லம்மாள் நாமகிரிப்பேட்டைக்காரி. பண்ணையக் குடும்பம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மட்டும் நிறுத்தாமல் இருந்திருந்தால், இன்று நான் வீட்டிலும் அவள் கோர்ட்டிலும் இருந்திருப்போம். அவள் அந்தப் பறவையின் காலைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது தாராவே இல்லீங்க” என்றாள். அவள் ஊரில் வாத்துக்குத் தாரா என்று பேர்.

வாத்துக்கு விரல்களுக்கு நடுவே தோல் இருக்குமாம். இதற்கு ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக இலை ஒட்டினாற்போல் இருக்கிறதாம். நெற்றியில் வெள்ளையாகப் பட்டை வேறு. அது நாமக்கோழி. குழம்பு வைத்தும் பார்த்தாள். வீடு முழுக்கச் சேற்று நாற்றம். ஊர் நாமக்கல், கோழிக்கு நாமம், கடைசியில் எனக்கும் நாமம்.

அதிலிருந்துதான் பிடித்தது இந்தப் பைத்தியம். சேலத்துக்கு ஒரு கேஸ் விஷயமாகப் போனபோது, சூரமங்கலத்தில் ரயில்வே உத்தியோகஸ்தர் ஒருவரிடம் பறவைப் படங்கள் போட்ட இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். படங்களில் ஒவ்வொரு வாத்தும் கல்யாண மாப்பிள்ளை. பச்சைத் தலை, வெள்ளைக் கழுத்து, சந்தன மார்பு. ஏரிக்குப் போய்ப் பார்த்தால்... எல்லாம் ஒரே மண் நிறம்! படம் போட்டவன் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா என்று யோசித்தேன். பிறகு அதே புத்தகத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பெட்டைகள் வருஷம் முழுக்க அப்படித்தானாம். சேவல்களும் நம் ஊருக்கு வரும்போது பழைய உடுப்போடுதான் வருமாம். போகப் போகத்தான் அலங்காரமாம்.

நிறத்தை நம்பாதே என்றால் எதை நம்புவது?

மூக்கை நம்பலாம் என்றாள் நல்லம்மாள். அடுத்தடுத்து நான் கொண்டுவந்த ஒவ்வொன்றின் மூக்கையும் சமையலறைச் சுவரில் வைத்து, அடுப்புக் கரியால் சுற்றி வரைந்தாள். கரண்டி மாதிரி பரந்தது தட்டைவாயன். நுனியில் மஞ்சள் பொட்டு வைத்தது புள்ளிமூக்கன். சின்னது கிளுவை. ஒரு மாதத்தில் சுவர் முழுக்க மூக்கு. வீட்டுக்கு வந்த என் குமாஸ்தா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

எனக்கு வேறொரு பயம் வந்தது. எத்தனை சாட்சிகளைக் கூண்டில் நிறுத்தி ஆட்டி வைத்திருக்கிறேன்! விடியற்காலை, ஐம்பது அடி தூரம், இன்னாரைத்தான் பார்த்தேன் என்பான் சாட்சி. எப்படி அடையாளம் தெரிந்தது, மூக்கைப் பார்த்தாயா, நடையைப் பார்த்தாயா என்று கேட்டே அவனை அழ வைத்துவிடுவேன். இப்போது அதே விடியற்காலையில், அதே தூரத்தில், நான் உட்கார்ந்திருக்கிறேன். நல்லம்மாள் கேள்வி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

ஆமாம், அவளும் ஏரிக்கு வர ஆரம்பித்துவிட்டாள். உயிரோடு இருக்கும்போது அதுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வில்வண்டியை நானே ஓட்டுவேன். துப்பாக்கி எனக்கு, பைனாகுலர் அவளுக்கு.

அங்கேதான் பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். மேய்கிற விதத்தில் வாத்துகள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி முழுசாக முங்கி, வேறெங்கோ எழுந்திருக்கும். இன்னொரு ஜாதி முங்காது. தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். ஊசிவாலன் இரண்டாவது ஜாதி. நீளக் கழுத்து, சேவலுக்கு வால் ஊசி மாதிரி. எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே வாத்து அதுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் மேல் லேசான பனி. கரையோரக் கருவேல மரத்தின் பின்னால் உட்கார்ந்தோம். எதிரே, துப்பாக்கி எட்டும் தூரத்தில், இருபது இருபத்தைந்து வாத்துகள். நடுவே நாலைந்து மண்பானைகள் மிதந்தன. யாரோ வலை போட்டு அடையாளத்துக்கு விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். வாத்துகளும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. பானைகளை உரசிக்கொண்டே மேய்ந்தன.

என்ன வாத்து என்று மெதுவாகக் கேட்டேன். முன்னால் நிற்பவை ஊசிவாலன், பின்னால் வேறு வேறு என்றாள்.

ஒரு பானைக்குப் பக்கத்தில் ஏழெட்டு நெருக்கமாக நின்றன. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. துப்பாக்கியைத் தோளில் பதித்துக் குறி பார்த்தேன். விரல் குதிரையில் இருந்தது.

“ஏனுங்க, ஒண்ணு முங்கிப்போச்சு.”

முங்கினால் முங்கட்டும், பேசாமல் இரு என்றேன்.

“ஊசிவாலன் முங்காதுங்களே. வாலைத் தூக்கிட்டுத் தலையைத்தான உடும்?”

எரிச்சலாக வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. குறி பார்த்த கண்ணை எடுக்காமலே, வேறு ஜாதி வாத்தாக இருக்கும், இப்போது மேலே வரும் பார் என்றேன். அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். வரவில்லை.

என் கண்ணெதிரே இன்னொன்று போயிற்று. சேவல். சந்தேகமே இல்லாத ஊசிவால். தலை குனியவில்லை, பாயவில்லை. நின்ற வாக்கில் மொத்தமாக உள்ளே இறங்கியது. அந்த ஊசி வால்தான் கடைசியாக மறைந்தது. யாரோ கீழேயிருந்து இழுத்த மாதிரி.

ஆமையா? முதலையா? இந்த ஏரியில் முதலை ஏது? எனக்குச் சுடுகிற ஆசை போய், தெரிந்துகொள்கிற ஆசை வந்துவிட்டது. குழலைத் தாழ்த்தினேன். அதைத் தாழ்த்தியது என் புத்தி அல்ல, வெறும் ஆவல்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நல்லம்மாள் என் கையைப் பிடித்தாள்.

“காத்து நம்ம மூஞ்சில அடிக்குது. அந்தப் பானை மட்டும் அக்கரைக்குப் போகுதுங்க... காத்தை எதுத்து.”

அவள் சொன்னதைத்தான் நானும் பார்த்தேன். மற்ற பானைகள் எங்கள் பக்கம் மெல்ல ஒதுங்க, நான் குறி பார்த்த அந்தப் பானை மட்டும் எதிர்த்திசையில் நகர்ந்தது. தண்ணீர் குறைந்த இடம் வந்ததும் உயர்ந்தது. பானைக்குக் கீழே கழுத்து, தோள், மார்பு. இடுப்பில் நாலு வாத்துகள் கட்டித் தொங்கின.

துப்பாக்கியை நல்லம்மாளிடம் நீட்டினேன். தோட்டாக்களை அவள்தான் எடுத்தாள். எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனோம். பெயர் மாரப்பன். நாற்பது வயதிருக்கும். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. என் மேல்துண்டைக் கொடுத்தேன். விஷயத்தை மெதுவாகச் சொன்னார். மூன்று நாளாக வெறும் பானைகளை மிதக்க விட்டு வாத்துகளைப் பழக்கினாராம். நாலாம் நாள் ஒரு பானையின் வாயைக் கவிழ்த்துத் தலையில் மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து போய், காலைப் பிடித்து இழுத்துவிடுவாராம்.

நாங்கள் இருந்தது தெரியுமா என்று கேட்டேன்.

“ஓட்டை வழியாப் பாத்தேனுங்க சாமி. கொழா எம்பக்கந்தான் இருந்துச்சு.”

பிறகு ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை?

“கத்துனா அத்தனையும் பறந்துருமுங்களே. மூணு நாள் பாடுங்க.”

கூண்டில் எத்தனையோ பேருடைய பதிலைக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் கேட்க என்னிடம் கேள்வி இல்லை.

நல்லம்மாளிடம் இருந்தது. பயம் தெளிந்ததும் அவளுக்கு வந்த முதல் சந்தேகம், தண்ணீருக்குள் கையை விட்டால் எந்த வாத்து என்று எப்படித் தெரியும் என்பதுதான். மாரப்பன் முதல் தடவையாகச் சிரித்தார்.

“கால் சொல்லுமுங்க அம்மிணி.”

கிளுவையின் கால் ஈர்க்குச்சி மாதிரி இருக்குமாம். புள்ளிமூக்கன் கால் தடிமனாம். உதைக்கிற உதையில் கை மரத்துப்போகுமாம். விரலில் இலை இலையாகத் தட்டுப்பட்டால் நாமக்கோழி, உடனே விட்டுவிடுவாராம். அவள் குனிந்து, அவர் இடுப்பில் இருந்த வாத்துகளின் கால்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நாலில் மூன்றைச் சரியாகச் சொன்னாள். நான் சரியாகச் சொன்னது ஒன்று.

யோசித்துப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் எனக்கு எல்லாமே வெறும் வாத்து. முங்கினாலும் வாத்து, முங்காவிட்டாலும் வாத்து. அந்த நாளாக இருந்தால் குதிரையை இழுத்திருப்பேன். ஒன்றின் வழக்கம் தெரிந்தவனுக்குத்தான், அது வழக்கம் மீறும்போது சுருக்கென்று தைக்கும். இந்தப் படிப்பு எந்தச் சட்டக் கல்லூரியில் இருக்கிறது?

மாரப்பனும் நானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அவர் தண்ணீரில் இறங்கினால் கரை மரத்தில் வேட்டியைத் தொங்கவிடுவார். வேட்டி தெரிந்தால் நான் துப்பாக்கியை வண்டியை விட்டே இறக்கக் கூடாது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மரத்தில் வேட்டி இல்லாவிட்டால்தான் என்ன, மாரப்பன் மாதிரி வேறு யாராவது உள்ளே இருந்தால்? நேற்றுக் காலை போனோம். வேட்டி இல்லை. இருந்தும் கரையில் நின்று, தண்ணிக்குள்ள யாராச்சும் இருக்கீங்களா என்று இரண்டு தடவை உரக்கக் கேட்டேன். ஆள் பதில் வரவில்லை. ஏரியில் இருந்த அத்தனை வாத்தும் ஒரே சத்தமாகக் கிளம்பியது. மண் நிறம் என்று நான் வைத வாத்துகள் தலைக்கு மேல் திரும்பியபோது, கிளுவைச் சேவல்களின் இறக்கையில் வெயில் பட்டு ஒரு சாம்பல் நீலம் தெரிந்தது. உட்கார்ந்திருக்கும்போது அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்கின்றன. இத்தனை நாள் சுட்டுப் பார்த்ததில் எனக்குத் தெரியாமல் போன நிறம்.

இருவரும் கழுத்து வலிக்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகவே இருந்தது.