இழுத்துப் பார்க்காத கயிறு

முதல் நாள் அண்ணன் விட்டத்துக் கயிற்றில் தொங்கியபோது, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, தூக்கு மாட்டிக்கினாரே!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெருவையே கூட்டிவிட்டாள். தலைகீழாகத் தொங்கியபடியே அண்ணன், "உசுரோடதாம்மா கீறேன், நீ போய் சோத்த வடி" என்றார். உறுவையாறு கிராமத்தில் எங்கள் தெருவே சிரித்தது. அண்ணிதான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரும்பு வண்டி குடைசாய்ந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து அண்ணனுக்கு நிமிர முடியாது. எழுந்து நின்றால் பார்வை தரையில்தான். எதிரே வருகிறவரைப் பாதத்தை வைத்துத்தான் இன்னார் என்று சொல்வார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றிய அன்று ஊரே அண்ணாந்து நின்றது. அவர் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "இன்னாடா, ஏறிடுச்சா?" என்று கேட்டார். "ஏறிடுச்சுண்ணே" என்றேன். மற்றவர்கள்போல நின்று, நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காகத்தான் புதுச்சேரியிலிருந்து யோகாசன வாத்தியாரை வரவழைத்தோம். வாரம் ஒருமுறை சைக்கிளில் வருவார். விட்டத்தில் நூல்கயிற்றை வளையமாகக் கட்டி, சாக்கை மடித்துத் தொடையிடுக்கில் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றி மெல்லத் தலைகீழாகச் சாயச் சொல்வார். உடம்பின் பாரமே முதுகை இழுத்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் நம்பவில்லை. ஆனால் ஒரு வருஷத்தில் அண்ணனின் பார்வை என் பாதத்திலிருந்து மார்புக்கு ஏறிவிட்டது. "இன்னும் ஒரு சாண் நிமிந்தா ஒம் மூஞ்சி தெரியும்டா" என்றார். அன்று நான் வயலுக்கே போகவில்லை.

அந்த வருஷம் வில்லியனூர்த் தேர் முடிந்ததும், கழித்துப் போட்ட பழைய வடத்திலிருந்து ஒரு புரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணி வந்தாள். "தம்பி, அம்மாம் பெரிய தேரையே இழுத்த கயிறு. இவர நிமித்தாதா? இத்த கட்டுப்பா" என்றாள். நான் மாடு கட்டி உழுகிறவன். ஏர்க்கயிறானாலும் கிணற்றுக்கயிறானாலும் காலால் மிதித்து இரண்டு இழு இழுத்துப் பார்க்காமல் கட்டியதே கிடையாது. அன்று கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டினேன். சாமி கயிற்றைச் சோதித்துப் பார்க்க யாருக்குக் கை வரும்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேலுக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கி இற்றுப்போயிருந்தது. மூன்றாம் நாள் காலையில் அறுந்தது. தலை முதலில் தரையில் பட்டது. கழுத்துக்குக் கீழே அதன்பின் ஒரு விரல்கூட அசையவில்லை.

பேச்சு திரும்பியதும் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கட்டறப்ப இழுத்துப் பாத்த இல்ல?" என்பதுதான்.

"பாத்தேண்ணே" என்றேன்.

அந்த வாரம் வாத்தியார் வந்து, கட்டிலருகே கைகட்டி நின்றார். அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "மெதுவா சாயச் சொன்னீங்க வாத்தியாரே. சீக்கிரம் நிமிரணும்னு ஆசயில நாந்தான் கயித்துல ஆடிட்டேன். தம்பி கயித்த பாத்துத்தான் கட்டுனான்." நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். அப்புறம் மூன்று வருஷம் கிடந்தார். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. தன் அவசரத்தைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இப்போது அவர் செத்த வயதைவிட அதிகம் ஆகிவிட்டது. அண்ணி இருக்கிறாள். தேர் வரும் நாளெல்லாம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்கிறாள். "சாமி கயிறு தானா அறுமா தம்பி? ஒங்க அண்ணந்தான் அவசரப்பட்டுட்டாரு" என்கிறாள்.

"ஆமாண்ணி" என்கிறேன்.