காரட் ரொட்டி சுட்ட மழைக்காலம்

ஆடி மழையில் நடுவட்டம் ரோடு அடைபடுவது புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் கீழே கூடலூர்ப் பக்கம் மண் சரிந்த அன்றைக்கே, மேலே ஊட்டிப் பக்கம் கற்பூர மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. எந்தப் பக்கமும் போக முடியாமல் ஒரு பஸ்ஸும் நாலைந்து லாரிகளும் எங்கள் டீக்கடை முன்னால் நின்றன.

கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த புதிது. கடையில் டீத்தூளுக்குப் பஞ்சமில்லை. பன்னும் வர்க்கியும்தான் தினமும் காலை பஸ்ஸில் ஊட்டியிலிருந்து வரவேண்டும். முந்தின நாள் மிச்சமிருந்த பன்னெல்லாம் பஸ்ஸில் வந்த குழந்தைகளுக்கே சரியாகப் போயிற்று.

"வெறும் டீயை எத்தனை தடவைதான் குடிப்பாங்க?" என்று என் கணவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் அக்கா வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்; சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பம். மழையால் அன்று அவருக்கு வேலையில்லை.

"தங்கச்சி, கடையில கோதுமை மா இருக்கா?"

"மைதா ஒரு மூட்டை இருக்குதுங்க்கா. தேங்காயும் கொஞ்சம் கெடக்குது."

"பொறவு என்ன? அங்க நாங்க ரொட்டி தின்னுட்டுத்தான் மலைக்கு வேலைக்குப் போவம். அடுப்பை மூட்டு."

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி பிசைய, நான் தொட்டுக்கொள்ள மிளகாயும் வெங்காயமும் இடித்தேன். கல்லிலிருந்து எடுக்க எடுக்க ரொட்டி பறந்தது. மத்தியானத்துக்குள் தேங்காய் தீர்ந்துவிட்டது.

மலையாள நாட்டுக்குக் காரட் ஏற்றிப்போன லாரி டிரைவர் ஒருவர் காலையிலிருந்தே சரக்கை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் எழுந்துபோய் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து இறக்கினார்.

"தேங்காய் இல்லெங்கில் இதைத் துருவிக்கோ சேச்சி. அழுகிப் போறதுக்கு ஆளுக திங்கட்டே."

"ரொட்டியில காரட்டா?" அக்கா சிரித்தே விட்டார்.

முதலில் போட்ட ரொட்டி ஈரத்தில் கல்லோடு ஒட்டிக்கொண்டு, சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. துருவலை உப்புப் போட்டுப் பிழிந்து, பச்சைமிளகாய் சேர்த்தபிறகு வந்தது பாருங்கள், பொன் பொட்டு வைத்தது மாதிரி! டிரைவரே மூன்று தின்றார்.

வழி திறந்ததும் பன் கூடை பழையபடி வந்தது. ஆனால் பஸ் நின்றதும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அந்தக் காரட் ரொட்டி இல்லீங்களா?" என்றார். லாரிக்காரர்களும் அதையே கேட்டார்கள். பன் கூடையிலேயே காய்ந்தது.

என் கணவர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். "பேசாம நம்ம கடைக்கே வேலைக்கு வந்துருங்க."

"வேலைக்குப் போகத்தான் எஸ்டேட் இருக்குதுங்களே. நாங்க மூணு பேரும் சேந்து சொந்தமா சுட்டுத் தாறம். நீங்க வாங்கி வித்துக்குங்க. கேட்டா மத்த கடைக்கும் குடுப்பம்."

என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. மத்த கடை என்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க," என்றேன், "ஊட்டி பஸ் வந்தாத்தான் நம்ம கடைல பலகாரம்னு எத்தனை நாளைக்கு இருக்கறது? ரொட்டி இந்த ஊர்லயே வேகட்டுமே. நாலு கடைல கெடைச்சா வண்டியெல்லாம் இங்கதானுங்க நிக்கும்."

அவர் எழுந்து போனார். மறுநாள் பார்த்தால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த தகரங்களைத் தோளில் சுமந்துபோய், லயத்தோரம் அவர்களுக்குக் கொட்டகை போட்டுக் கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கடையை அப்படியே விட்டுவிட்டு ஆணி எடுத்துக் கொடுக்க ஓடினேன்.

காரட்டைப் பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், இருந்த ஒருவர் தன் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்து தந்தார். எஸ்டேட்டில் வேலை குறைந்த மாதங்களில் இன்னும் சில பெண்கள் அந்த அடுப்போடு சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த ஆடிக்கு முன்பே அவர்கள் மாவும் காய்ந்த விறகும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ரோடும் சொல்லிவைத்தாற்போல அடைத்துக்கொண்டது. நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி, "வழி எப்பங்க தெறக்கும்?" என்று கவலையோடு கேட்டார். கொட்டகைக்குள் வாய் நிறைய ரொட்டியோடு உட்கார்ந்திருந்த இன்னொரு பயணி, "மெதுவாத் தெறக்கட்டும், உள்ள வாங்க" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த ரொட்டியைத் தட்டினார்.