கனாபா ஏற்றத்தில் நின்ற கார்

என் கூட்டாளி கருகாபாவுக்கு இடது கால் சூம்பிப்போனது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். கிளட்ச் மிதிக்க அந்தக் காலில் வலு கிடையாது. பஸ்ஸில் போனால் கண்டக்டர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றுவார்கள். எங்கள் ஊர் கபாலேயில் என் துணிக்கடைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவன், ஜப்பானில் ஓடித் தேய்ந்த, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கிவந்தான். அன்று மதியச் சாப்பாட்டைக்கூட அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

மலைக்கு அப்பால், கிசோரோவில் ஜெனரோசா என்ற பள்ளி ஆசிரியை இருந்தாள், கணவனை இழந்தவள். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவள், படம் சரியில்லை என்று மறுபடி வந்தாள். அதற்குப் பிறகு வந்தபோது படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் கருகாபா கனாபா ஏற்றம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவான். அவள் வீட்டில் பயறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினான்.

ஒருமுறை மெக்கானிக் பாஸ்கோ கியர்பாக்ஸ் ஆயிலைத் துணியில் தொட்டுக் காட்டினான். சிவப்பாக இருக்க வேண்டியது கருத்து, தீய்ந்த வாடை அடித்தது.

“இது சும்மா வழுவழுப்புக்கு ஊத்துறதில்லண்ணே. நீங்க மிதிக்காத கிளட்ச இதுதான் மிதிக்குது. இதோட அழுத்தத்துலதான் உள்ள இருக்கிற தகடெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிக்குது. ஏத்தத்துல கொதிச்சுக் கொதிச்சு ஆயில் செத்துப்போகும். அப்பப்ப மாத்திடணும்.”

காரை விற்றவனோ ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தான். சரியான ஆயில் தலைநகர் கம்பாலாவிலிருந்து வரவேண்டும். அதுவரை மலையேறக் கூடாது என்றான் பாஸ்கோ. ஒரு ஞாயிறு போய்விடும். அதை விட்டுக்கொடுக்க கருகாபாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டான். கியரைப் போட்டால் கார் சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஏற்றத்தில் இன்ஜின் அலறும், வேகம் கூடாது. நம்மை மாதிரி அதற்கும் வயசாகிறது என்று சிரித்தான்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே கார் நின்றது. இன்ஜின் ஓடியது, சக்கரம் சுற்றவில்லை. அவன் தடியை ஊன்றி உச்சிவரை நடந்து பார்த்தானாம். மழை விட்டிருந்தது. கீழே கிசோரோவின் தகரக் கூரைகள் மின்னின. அவற்றில் அவளுடையது எதுவென்று தேடிக்கொண்டிருந்தபோது லாரி ஒன்று வந்து காரைக் கபாலேக்கே இழுத்துவந்தது.

பாஸ்கோ கழற்றிப் பார்த்தான். அடியில் கருஞ்சேறு, தகடெல்லாம் கருகியிருந்தது. இனி புது ஆயில் ஊற்றிப் பயனில்லை, வேறு கியர்பாக்ஸ்தான் வேண்டும் என்றான். அது கிடைக்க மாதங்கள் ஆயின.

பஸ்ஸில் வரக் கூடாதா என்று ஜெனரோசா போனில் கேட்பாள். ஸ்டுடியோவில் வேலை என்று பொய் சொல்வான். நான் திட்டினேன்.

“அவ முன்னாடி என்னை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இறக்குவாங்கடா,” என்றான். “அத அவ பாக்க வேண்டாம்.”

கிசோரோ பஸ் புறப்படும்போதெல்லாம் என் கடை வாசலில் வந்து நிற்பான்.

பிறகு அவள் ஒரு செய்தி சொன்னாள். ஹொய்மாவில் மகளுக்கு இரட்டைக் குழந்தை. வேலையை விட்டுவிட்டு அங்கேயே போகிறாள். அன்றே அவன் பஸ் ஏறினான். கிசோரோவில் கண்டக்டர்கள் அவனைத் தூக்கி இறக்கினார்கள். எதிர்கொள்ள வந்திருந்த அவள் நின்று பார்த்தாள். தடியை அவர்களிடமிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்தாள்.

“இதுக்காகவா இத்தன மாசம் வரல?”

அவன் தடியை ஊன்றி அவள் பின்னால் நடந்தான். வீட்டில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. மறுநாள் காலை அவள் கிளம்பிவிட்டாள்.

கியர்பாக்ஸ் அதற்குப் பின்தான் வந்தது. இப்போது பாஸ்கோ சொல்வதற்கு முன்பே ஆயில் மாற்றிவிடுகிறான். ஹொய்மா போய்ச்சேர ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும், கிறிஸ்துமஸுக்குப் போய்வருகிறான். இங்கே திரும்பி வா என்று அவன் கேட்டதில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேற்று அவளுக்குத் துணி எடுக்க என் கடைக்கு வந்தான். தினசரி உடுத்த ஏதாவது கொடு என்றான். என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை உடுத்துறதுதான் தெரியும்,” என்றான். “மத்த நாள்ல என்ன உடுத்துவான்னு நான் பார்த்ததே இல்லடா.”