மூச்சு மிச்சமிருக்கும் வேகம்

இந்த வருடம் சிவனொளிபாத மலைக்கு என்னைக் கூட்டிப்போக மாட்டேன் என்று மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். போன வருடம் பாதி வழியில் மூச்சு முட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் கைத்தாங்கலாக இறக்கினாள். தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் என்னை முந்தி யாரும் மலை ஏறியதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து இறக்கிய கதை டயகமத் தோட்டம் முழுக்கப் போய்விட்டது.

டொக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சில் கோளாறு இல்லை, வயதுக்குத் தக்கபடி ஏறலாம் என்றார். அது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யுனிவர்சிட்டி கெம்பஸில் படிக்கிற ஒரு பெண் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். நோர்வூட்டுக்காரி. தோட்டத்துப் பெண்களை நடக்கவிட்டு நெஞ்சுத் துடிப்பைப் பார்க்க வேண்டுமாம். கையில் கொடுத்த பட்டியை, கொழுந்துக் கூடையின் கயிறை நெற்றியில் போட்ட பழக்கத்தில் தலையில் மாட்டிக்கொண்டேன்.

“பாட்டி, அது நெஞ்சுக்கு.”

“எல்லாம் ஒரே உடம்புலதானே இருக்கு?” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே சரியாகக் கட்டிவிட்டாள்.

நெஞ்சு கடிகாரம் மாதிரி அடித்தால்தான் நல்லது என்று நினைத்திருந்தேன். அவள் வேறு விதமாகச் சொன்னாள்.

“சும்மா இருக்கறப்ப ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் பாட்டி. அதுதான் நல்லது. வேகம் கூடக்கூட அந்த வித்தியாசம் கொறஞ்சு, ஒரே அளவா அடிக்கும். எந்த வேகத்துல அப்படி மாறுதோ, அதுக்குக் கீழ நடந்தா ரொம்ப நேரம் தாங்கும். இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஆம்பளைங்கள வச்சுப் போட்டது. நமக்கும் சரிவருதான்னு பாக்கணும்.”

லயத்துக்கு முன்னால் இருக்கிற ஏற்றத்தில் மெதுவாகத் தொடங்கி, அவள் சொல்லும்போது மட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும். நான் எடுத்த எடுப்பிலேயே விறுவிறுவென்று ஏறிவிட்டேன். பின்னால் அவள் கூப்பிட்டது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

“தொடக்கத்துலயே எல்லைய தாண்டிட்டீங்க. இத வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது” என்றாள்.

மறுநாள் திரும்ப நடந்தேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

“என்னக்கா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா? இப்படி அன்னநடை நடக்குறீங்க?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கெம்பஸ் பெண் சொன்னபடியே நடந்தேன். கடைசியில் என் வேகம் எது என்று காட்டினாள். நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இந்த நடையில வர்றதா இருந்தா கூட்டிப்போறேன். ஒரு எட்டு கூட்டினாலும் எறக்கிடுவேன்.”

அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் சரி என்றேன்.

நல்லதண்ணிப் பக்கமாகப் பகலில் ஏறினோம். எல்லோரும் எங்களை முந்தினார்கள், கைத்தடி ஊன்றிய கிழவர் உட்பட. அந்த மலையில், எதிரே இறங்கி வருகிற சிங்கள ஆட்கள் “கருணாவய்” என்று வாழ்த்துவார்கள். பதிலுக்கு நாமும் வாழ்த்த வேண்டும். முன்பெல்லாம் மூச்சிரைப்பில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் வாய் திறந்து சொன்னேன். போன வருடம் உட்கார்ந்த படி வந்தபோது மகள் என் முகத்தையே பார்த்தாள். அப்போதும் ஒரு கூட்டம் எதிரே இறங்கி வந்தது.

“கருணாவய்” என்றேன், அவர்களுக்கு முந்தி.